சிங்கிக்கு வளைகாப்பு

கிரேஃபிஷ் மீது பொறாமைப்பட்டவள் இந்தச் சிங்கப்பூரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. பொறாமைப்படும்படி அது வாழ்ந்தது, பட்டேன்.

புக்கிட் பாத்தோக்கில் என் மகள் வீட்டு ஹாலில் மருமகன் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்திருக்கிறார். உள்ளே நீல நிறத்தில் இரண்டு கிரேஃபிஷ், கொடுக்கு வைத்த நன்னீர் இறால். அதற்கென்று தனி விளக்கு, தண்ணீரைச் சுத்தம் செய்ய மோட்டார், ஒளிந்துகொள்ளச் சின்னச் சின்னப் பானைகள். நான் அங்கே போகும்போதெல்லாம் தொட்டிக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன். "அத்தைக்கு அதப் பாத்தா பயம் லா" என்று மருமகன் என் மகளிடம் சொல்லிச் சிரிக்கிறார். பயமா, எனக்கா? அதன் கொடுக்குக்கு விரலையே கொடுத்தவள் நான். இது பயமில்லை. பழைய பகை.

அப்போது நாங்கள் தோ பாயோவில் இருந்தோம். அத்தாப்பு ஓலைக் கூரை வீட்டை விட்டு அடுக்குமாடிக்குக் குடிவந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. குழாயைத் திறந்தால் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வருவது எங்களுக்கு இன்னும் பழகவில்லை. அந்தச் சின்ன வீட்டில் அப்பா, அம்மா, நான், எனக்குக் கீழே இரண்டு வாண்டுகள், அப்பாவின் தம்பியான சித்தப்பா, அவர் மனைவியான சித்தி, இத்தனை பேரும் இருந்தோம். அம்மாவுக்குச் சின்னதுகளைப் பார்க்கவே பொழுது சரியாகப் போய்விடும். அதனால் நான் சித்தியின் பங்காகிவிட்டேன். பிறந்தது அம்மாவுக்கு, வளர்ந்தது சித்தியிடம்.

சித்திக்குக் கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளையில்லை. எனக்கு அது ஒரு குறையாகவே தெரிந்ததில்லை. அதுதான் நான் இருக்கிறேனே.

எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போட்டுவிடுவது சித்தி. மீனில் முள் எடுத்துக் கொடுப்பது சித்தி. "ராசாத்தி" என்று அவள் கூப்பிட்டால் அது நான்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கையைப் பிடித்துத் தேக்கா பாசாருக்குக் கூட்டிக்கொண்டு போவாள். திரும்பும்போது ஒரு முழம் மல்லிகை வாங்கிப் பாதியை என் தலையில் வைப்பாள், மீதியைத் தன் தலையில் வைத்துக்கொள்வாள். என் பாதி குறைந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் நான் நடப்பேன்.

சித்தியைப் பற்றி எனக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. எங்கள் சொந்தத்தில் யார் வீட்டில் வளைகாப்பு என்றாலும் கலந்த சாதங்களைக் கிளறச் சித்தியைத்தான் கூப்பிடுவார்கள். எலுமிச்சை, புளி, தேங்காய், எள்ளு, தயிர், எல்லாம் அவள் கைதான். ஹாலில் பெண்கள் பாட்டும் சிரிப்புமாகக் கர்ப்பிணியின் கையில் வளையல் அடுக்கும்போது சரியாக அவளுக்கு அடுப்படியில் வேலை வந்துவிடும். "சின்னவளே, நீ சாதத்தப் பாரு" என்று அப்பாவின் அக்காவான பெரியத்தை குரல் கொடுப்பாள். சித்தியும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து போய்விடுவாள். என் தம்பி வயிற்றில் இருந்தபோது எங்கள் வீட்டிலேயே நடந்த வளைகாப்பிலும் அப்படித்தான். எங்கள் சித்தி கை படாமல் சாதம் பதமாக வராது என்று நான் பள்ளிக்கூடத்தில்கூடச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சித்தப்பா ஆஸ்திரேலியப் பட்டாளத்து அதிகாரி ஒருவருக்குக் கார் ஓட்டினார். வாயைத் திறந்தால் பாதி விளையாட்டு, மீதி பொய். அந்த அதிகாரி குடும்பத்தோடு ஊருக்குத் திரும்பினபோது, அவர் பிள்ளைகள் வளர்த்த தொட்டியைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒரு சாயங்காலம் கூட்டாளி ஒருவரோடு அதைத் தூக்கிக்கொண்டு வந்து, ஹாலில் சாமி படத்துக்கு எதிரே இறக்கினார். உள்ளே கூழாங்கல், உடைந்த பூந்தொட்டி ஒன்று, இரண்டு பிராணிகள். நண்டும் இல்லை, இறாலும் இல்லை. இறால் உடம்பில் நண்டுக் கையை ஒட்ட வைத்த மாதிரி இருந்தன.

"என்னங்க இது?" என்றாள் சித்தி.

"கடல்ல சிங்கி இறால் இருக்குல்ல, அதுக்கு ஒண்ணுவிட்ட தம்பி. ஆத்துத் தண்ணியில இருக்குற சாதி."

"கொழம்பு வைக்கவா, பெரட்டவா?"

"அடிப்பாவி, வளக்கறதுக்குக் கொண்டாந்தேன்!"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சிங்கி.

கொஞ்ச நாள் சித்தி அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு காலையில் ஹாலில் அவள் அலறுகிற சத்தம் கேட்டு எல்லோரும் ஓடினோம். பெண் சிங்கி மல்லாந்து கிடந்தது. சித்தி கரண்டியால் அதை வெளியே எடுத்தாள். கண் இருந்தது, மீசை இருந்தது, கொடுக்கு இருந்தது, உள்ளே மட்டும் ஒன்றுமே இல்லை. வெறும் சட்டை. பூந்தொட்டிக்குள் எட்டிப் பார்த்தால் அதே சிங்கி வெளிறிப்போய், மெத்தென்று, பச்சைக் குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தது.

சித்தப்பா விவரம் சொன்னார். வளருகிறபோது ஓட்டைக் கழற்றிப் போட்டுவிடுமாம். கழற்றின ஓட்டை அதுவே தின்றால்தான் புது ஓடு கெட்டிப்படுமாம், அதனால் அதை எடுத்து எறியக் கூடாது. கெட்டிப்படுகிறவரை ஆண் சிங்கியைக் கிட்டே விடக் கூடாது, கடித்துத் தின்றுவிடும். சித்தி அந்த ஓட்டைத் திரும்பத் தண்ணீரில் போட்டாள். ஆணைப் பிடித்து ஒரு அண்டாவில் விட்டாள். தொட்டி முன்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு காவல் உட்கார்ந்தாள். அன்றைக்கு எனக்குப் பின்னல் இல்லை. தலைவிரிகோலமாகப் பள்ளிக்கூடம் போனேன்.

பகை அங்கேதான் தொடங்கியது.

நான் குளிக்கிற நீல வாளி சிங்கிக்குப் போனது. குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை இருக்கிறதாம், ஒரு நாள் வாளியில் பிடித்து வைத்துத்தான் தொட்டியில் ஊற்ற வேண்டுமாம். எனக்கு ஓட்டை டப்பா. கீழே கெத்தாப்பாங் என்கிற நாட்டு வாதுமை மரத்தடியில் காய்ந்த இலை பொறுக்கி வர என்னை அனுப்பினாள். அதைத் தண்ணீரில் ஊறப்போட்டால் சிங்கி மென்று தின்னும். ஒருத்திக்குச் சேவகம் செய்ய நானா கிடைத்தேன்? கேரட்டை அவித்து, ஊதி ஆற வைத்து அதற்குக் கொடுப்பாள். எனக்குப் பாலைக்கூட அவள் அப்படி ஊதிக் கொடுத்ததில்லை. கொடுத்திருப்பாள், ஆனால் அப்போது அது நினைவுக்கு வருமா?

ஒரு நாள் சிங்கி பூந்தொட்டிக்குள் போய் ஒளிந்துகொண்டது. சித்தி குனிந்து, "எங்கடி போன ராசாத்தி, வெளிய வா" என்றாள். என் பெயர்! நான் நேராகப் போய்க் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டேன். என்னையும் தேடட்டும் என்று காத்திருந்தேன். காத்திருந்து தூங்கியும் போனேன். கடைசியில் அம்மாவின் துடைப்பம்தான் என்னைக் கண்டுபிடித்தது.

காய்ச்சல் வந்த மாதிரி படுத்துப் பார்த்தேன். சித்தி ஓடிவந்து நெற்றியில் கை வைத்தாள். கையில் தொட்டித் தண்ணீர் வாடை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு ஒரு நாள் ஆத்திரத்தில் சிங்கியின் மீசையைப் பிடித்து இழுக்கத் தொட்டிக்குள் கையை விட்டேன். அது விட்டுவிடுமா? என் ஆள்காட்டி விரலைப் பிடித்த பிடியில் வீடு அதிரக் கத்தினேன். சித்தி வந்து முதலில் என் விரலைப் பார்த்தாள், வாயில் வைத்து ஊதினாள். அடுத்ததாகத் தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள். அந்த இரண்டாவது பார்வையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஓடு கெட்டிப்பட்ட பிறகு ஆணைத் திரும்பச் சேர்த்து விட்டிருந்தார்கள். சில வாரம் கழித்துப் பெண் சிங்கி வாலைச் சுருட்டி வைத்துக்கொண்டு ஒரு மாதிரியாக நடந்தது. சித்தப்பா டார்ச் அடித்துப் பார்த்தார். வாலுக்கு அடியில் சின்னச் சின்னப் பப்பாளி விதை மாதிரி முட்டைகள், கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. சிங்கி தன் குட்டிக் கால்களால் அவற்றுக்கு விசிறிக்கொண்டே இருந்தது. குஞ்சு பொரிக்கிறவரை அப்படியே சுமக்குமாம், விசிறுமாம். ஆண் மறுபடியும் அண்டாவுக்குப் போனது. சித்தி தன் பழைய சேலையைக் கிழித்துத் தொட்டிக்குத் திரை கட்டினாள். யாரும் வேகமாக நடக்கக் கூடாது, கதவை அறையக் கூடாது, வானொலிச் சத்தத்தைக் குறைத்துத்தான் வைக்க வேண்டும். பயந்தால் முட்டையை உதறிவிடும் என்றாள். தேக்கா போவதும் நின்றது.

"நெறமாசக்காரி வீட்டுல இருக்கா" என்று சித்தப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். ஒரு நாள் சாப்பிடும்போது, "ஏம்மா, எல்லாம் செய்யற, வளைகாப்பு மட்டும் ஏன் விட்டுவைக்கற?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். சித்தியும் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, தட்டைப் பார்த்துக்கொண்டே, "போட்டா என்ன?" என்றாள்.

"ஏய், வெளையாட்டுக்குச் சொன்னேன்."

"நான் வெளையாட்டுக்குச் சொல்லல. போடுவோம்."

அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஊரு சிரிக்கும்டி."

"சிரிக்கட்டும் அக்கா. சிரிக்கத்தானே கூப்பிடறோம்."

அம்மா அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து கை கழுவப் போகிறவள் மாதிரிப் போய்க்கொண்டே, "சாதமெல்லாம் நான் கிளறிக்கறேன். நீ ஹால்ல இரு" என்றாள். எனக்கு ஒரே ஆச்சரியம். அம்மா கிளறினால் எலுமிச்சைச் சாதம் கட்டி கட்டியாக வரும். அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

வளையல் வாங்கச் சிராங்கூன் ரோட்டுக்குச் சித்தி என்னை அழைத்துப்போனாள். அத்தனை நாள் கழித்து அவள் கை என் கையில். பகையை மறந்து பஸ்ஸில் பேசிக்கொண்டே போனேன். வளையல் கடைக்காரர் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்களை எடுத்துப் போட்டு, "யாருக்கும்மா? கையளவு சொல்லுங்க" என்றார். சித்தி கொஞ்சம் தயங்கித் தன் கையையே நீட்டினாள். "என் அளவுல குடுங்க. வர்றவங்களுக்கு ஆகும்."

நானும் என் கையை நீட்டினேன். கடைக்காரர் எனக்கு ஒரு பிளாஸ்டிக் வளையல் சும்மா கொடுத்தார். கண்ணாடி அந்தச் சிங்கிக்கு, பிளாஸ்டிக் எனக்கு. மறந்த பகை திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது.

விசேஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சித்தப்பா எங்கள் மாடி நடைபாதை முழுக்க வீடு வீடாகப் போய், "எங்க வீட்டுப் பொண்ணுக்கு வளைகாப்பு, கட்டாயம் வரணும்" என்று கூப்பிட்டிருந்தார். யார் யார் வீட்டு வளைகாப்புகளுக்கெல்லாம் சித்தி சாதம் கிளறினாளோ அவர்களெல்லாம் வந்தார்கள். நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுகிற பக்கத்து வீட்டு மலாய் அம்மா புலூட் என்கிற மஞ்சள் ஒட்டரிசிச் சோறு கொண்டுவந்தார். தொட்டியை மணை மேல் வைத்து, முன்னால் கோலம் போட்டு, கண்ணாடியில் சந்தனம் குங்குமம் வைத்திருந்தாள் சித்தி. தொட்டியின் குறுக்கே ஒரு மூங்கில் குச்சி, அதில் சிங்கிக்கான வளையல்கள் கோத்துத் தொங்கின. வருகிறவர்களுக்கானவை பக்கத்தில் ஒரு தட்டில் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே மல்லிகை. முழம் முழுக்கத் தொட்டிக்கே. நான் என் தலையைத் தடவிப் பார்த்தேன். வெறும் தலை.

பெரியத்தை கடைசியாக வந்தாள். "நண்டுக்கு வளைகாப்பு போடற குடும்பத்துல பொறந்தேனே" என்று வாசலிலேயே ஆரம்பித்தாள். ஆனால் கட்டியிருந்தது பட்டுச் சேலை. ஒரு விசேஷம் தன்னை விட்டுவிட்டு நடப்பதை அவளால் தாங்க முடியாது. நடு ஹாலில், நேர் முன்னால் உட்கார்ந்தாள். யாரோ கேலியாகத் தாலாட்டு ஒன்றை எடுத்துவிட, எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். மக்சிக் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வளையல் போடுகிற நேரம் வந்ததும் பெரியத்தை பழக்கத்தில் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"சின்னவளே, நீ போய்ச் சாதத்தப் பாரு."

சித்தியும் பழக்கத்தில் எழுந்துவிட்டாள். முந்தானையைக்கூடச் செருகிவிட்டாள்.

"சாதம் ஆச்சு அண்ணி" என்று அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அவ அங்கயே இருக்கட்டும்."

பாட்டு நின்றது. பெரியத்தை அடுப்படிப் பக்கம் பார்த்தாள், சித்தியைப் பார்த்தாள். சித்தி நின்றாள். உட்காரவும் இல்லை, போகவும் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் தொட்டியைப் பார்ப்பதை மட்டும்தான் நான் கவனித்தேன். இத்தனை பேர் நடுவிலும் அதையேதான் பார்க்கிறாள். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய் அந்தக் குச்சியை உருவினேன்.

"இதுக்குக் கையே இல்ல சித்தி! கொடுக்குதான் இருக்கு. போட்டா கழண்டு விழும். இதுக்கு எதுக்கு வளையல்? நீயே போட்டுக்கோ!"

சொல்லிக்கொண்டே அவள் கையைப் பிடித்து இழுத்து, குச்சியிலிருந்து வளையல்களை உருவி உருவி மாட்டினேன். சிங்கிக்கு ஒன்றுகூட மிச்சமிருக்கக் கூடாது என்பதுதான் என் கவனமெல்லாம். வளையல்கள் வழுக்கிக்கொண்டு ஏறின. அத்தனையும் அவள் அளவு.

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அடி விழும் என்று நினைத்துத் தோளைக் குறுக்கிக்கொண்டேன். அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள், கையெல்லாம் மஞ்சள் சோறு. முந்தானையில் துடைத்துக்கொண்டு சந்தனக் கிண்ணத்தை எடுத்தாள். என்னைத் தாண்டிப் போனாள். சித்தியின் தோளைப் பிடித்து உட்கார வைத்து, இரண்டு கன்னத்திலும் சந்தனம் பூசினாள். அடுத்து மக்சிக் எழுந்தார். தட்டில் இருந்த வளையலில் ஒன்றை எடுத்துச் சித்தியின் கையில் போட்டு, "ச்சாந்தேக், ச்சாந்தேக்" என்றார். அழகு, அழகு என்று அர்த்தம். பிறகு மற்றவர்கள் ஒவ்வொருத்தராக வந்தார்கள்.

பெரியத்தை மட்டும் அசையவில்லை. எல்லோரும் முடித்த பிறகு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "கையக் குடு சின்னவளே. எவ்வளவு நேரம் காத்திருக்கறது?" என்று அதட்டினாள். ஒரு சிவப்பு வளையலைப் போட்டுவிட்டு, அந்தக் கையைக் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சித்தி அழுதாள். சத்தமில்லாமல், சந்தனம் கரைய அழுதாள். தன் சிங்கிக்கு வாங்கினதெல்லாம் போய்விட்டதே என்றுதான் அழுகிறாள் என்று எனக்குத் தோன்றியது. அழட்டும் என்று விட்டேன். தொட்டிப் பக்கம் திரும்பி நாக்கை நீட்டினேன். அது என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. முட்டைகளுக்கு விசிறிக்கொண்டிருந்தது.

அன்று சாப்பிட்ட எல்லோரும் அம்மாவின் எலுமிச்சைச் சாதத்தைப் புகழ்ந்தார்கள். கட்டி கட்டியாகத்தான் இருந்தது.

சித்திக்குப் பிறகாவது பிள்ளை பிறந்திருக்கும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறக்கவில்லை. சிங்கிக்குத்தான் பிறந்தது. எறும்புக்குக் கண் வைத்த மாதிரி குட்டிகள், கொஞ்ச நாள் தாயின் வாலடியிலேயே தொங்கிக்கொண்டிருந்துவிட்டு இறங்கின. தங்களுக்குள்ளேயே தின்றது போக மிஞ்சினதைச் சித்தப்பா பால் டின்னில் போட்டு அக்கம்பக்கத்தில் கொடுத்தார். பெரியத்தையும் ஒன்று வாங்கிப்போனாள். அடுத்த விசேஷத்துக்கு, அது மாமா வீட்டில் நடந்தது, சித்தி ஹாலில் எங்களோடுதான் உட்கார்ந்திருந்தாள். சாதம் கிளற வேறு யாரையோ வைத்திருந்தார்கள். எங்கள் சித்தியின் கைப்பக்குவத்தை மறந்துவிட்டார்களே என்று எனக்குக் கோபமாக வந்தது.

அந்தக் கண்ணாடி வளையல்களைச் சித்தி கழற்றவே இல்லை. துணி துவைக்கும்போது ஒன்று உடையும், அம்மியில் தட்டி ஒன்று உடையும். உடையாத மிச்சத்தோடு நடமாடினாள். தினமும் சாயங்காலம் கேரட்டை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டிக் கண்ணாடியில் வளையலால் மெல்லத் தட்டுவாள். அந்தச் சத்தத்துக்குச் சிங்கி பூந்தொட்டிக்குள்ளிருந்து மீசையை ஆட்டிக்கொண்டு வெளியே வரும். சரி, இதைக் கூப்பிடத்தான் அதையெல்லாம் கழற்றாமல் வைத்திருக்கிறாள் என்று நான் முடிவு செய்தேன். அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.